மூன்றாம் தீர்மானம்

சவர்க்காரம் வந்த அட்டைப்பெட்டி,
மேலே கத்தியால் கீறிய வாய்.
அதுதான் எங்கள் வாக்குப்பெட்டி.
பினாங்கு, டத்தோ கெராமாட் சாலை, மாடி மண்டபம்.
சாரல் அடித்ததால் ஒரு பக்கச் சன்னலைச் சாத்திவிட்டார்கள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள்
சம்பளத்தில் ஆளுக்கொரு வெள்ளி பிடித்துச் சேர்த்த
கல்வி அறவாரியம்.
முதலில் கை வைக்காதே, வட்டியை மட்டும் கொடு
என்பது அறுபத்தெட்டில் எழுதிய சட்டம்.
வட்டி மெலிந்துவிட்டது.
போன வருஷம் நாற்பத்தொரு மனு, ஆறு காசோலை.
மீதி முப்பத்தைந்து கடிதமும் நான் அனுப்பியவை.
'வருந்துகிறோம்' என்று ஒரு தடவைதான் தட்டச்சு செய்தேன்,
மற்றதெல்லாம் நகல்.

இனி வருஷாவருஷம் மொத்த மதிப்பில் நூற்றுக்கு நாலு,
வட்டி வந்தாலும் வராவிட்டாலும்,
என்றார் வழக்கறிஞர் தர்ஷாயினி.
விதைநெல்லைக் குத்திச் சோறாக்கச் சொல்கிறீர்கள்
என்றார் பொருளாளர் சங்கிலிமுத்து.
குரல் உடைந்தது. அவர் அப்பாவின் வெள்ளியும் அதில் கிடக்கிறது.
விதைக்காமலே வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர் ஐயா?
பின்வரிசையில் யாரோ.
சிரிப்பு. பிறகு மீ கோரிங், தேத்தண்ணீர், வாக்கெடுப்பு.

வந்தவர் நூற்று எண்பத்தாறு.
வந்தவரில் மூன்றில் இரண்டு வேண்டும், நூற்று இருபத்து நாலு.
நானும் ஹுசேன் கனியும் எண்ணினோம்.
ஆம், நூற்று இருபத்து மூன்று.
இல்லை, அறுபத்திரண்டு.
ஒன்று பாக்கி.

அதில் இரண்டு கட்டமும் காலி.
கீழே நீல மையில்,
'மகளுக்கு ஆகஸ்டில் கட்டணம் கட்டணும்.'
அந்த ணகரச் சுழிகளை எனக்குத் தெரியும்.
மனுப் படிவத்தில் பார்த்திருக்கிறேன்.

ஹுசேன் கனி என் முகத்தைப் பார்த்தார்.
கட்டத்துக்கு வெளியே எழுதியது செல்லாது.
விதியைப் படித்துக் காட்டியவளும் நான்தான்,
காலை பத்து மணிக்கு, ஒலிபெருக்கியில், இரண்டு முறை.

செல்லாது என்றேன்.
சங்கிலிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வென்றவர் மாதிரி இல்லை.

பெட்டியை மடித்துக்கொண்டு இறங்கினேன்.
படியடியில் யோகமலர்.
முடிவு சொல்லும்போது நெஞ்சு படபடத்து
கீழே வந்துவிட்டாராம்.
என்னக்கா ஆச்சு?

ஒரு ஓட்டில் போச்சு.

ஒரு ஓட்டா, என்றார்.
மழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
யாருக்கா அந்தப் பாவி?

தெரியாது, என்றேன்.
ரகசிய வாக்கு.