அரை ஷிப்ட்

ஆர்டர் பன்னெண்டாயிரம் பீஸ்.
நெஞ்சு நிறைய ஒரு வெள்ளைக்காரி முகம்,
படக்கதையிலிருந்து கத்தரித்த மாதிரி.
மஞ்சள் மயிர். கண்ணோரம்
நீலமாய், முட்டை பருமனுக்கு ஒரு சொட்டு.
கன்னமெல்லாம் சிவப்புப் புள்ளி.
அம்மை இல்லை, அதுதான் ஸ்டைல் என்றார்கள்.

நான் ஃபிலிம் பிரிப்பவன், அனுப்பர்பாளையம் யூனிட்டில்.
அவளை நாலாக உரித்தேன்:
மஞ்சளுக்கு ஒருத்தி, சிவப்புக்கு ஒருத்தி,
நீலத்துக்கு அழுகை மட்டும்,
கறுப்புக்கு மிச்சமெல்லாம்.
தலைக்கு மேலே பேச்சுக் குமிழி, காலியாக.
'வாசகம் பின்னால் வரும்' என்று பையர் மெயில்.
வரவில்லை.

மாரப்பன் ஸ்க்வீஜி இழுக்க இழுக்க
டேபிள் நீளத்துக்கும் விழுந்துகொண்டே போனாள்,
வாய் திறந்து, சொல்ல ஒன்றுமில்லாமல்.
நூறு பேர் அழுதபோது பாவமாக இருந்தது.
ஆயிரம் தாண்டியதும்
டீ வர எத்தனை நேரம் என்று பார்த்தேன்.

ஒண்ணரை ஷிப்ட் ஓடிய ஒரு வியாழன் ராத்திரி
செக்கிங் துளசிமணி மார்க்கர் பேனா எடுத்து
ஒரே ஒரு குமிழிக்குள் எழுதினாள்:
அரை ஷிப்ட் காசு எப்பங்க?

அந்த 'ங்க'வைப் பாருங்கள்.
எங்கள் பக்கத்துக் கோபம்
செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வரும்.

செகண்ட்ஸில் சேர்ந்து
காதர்பேட்டையில் அறுபது ரூபாய்க்குப் போயிருக்க வேண்டியது.
யார் கை தவறியதோ,
கூரியரில் சாம்பிளோடு ஏறிவிட்டது.

எட்டாம் நாள் முதலாளி என் சீட்டுக்கே வந்தார்.
'ஏனுங் தம்பி, இது ஆரு எழுத்து?'
ஸ்க்வீஜிகள் நின்றன.
'தெரியலீங்க.'
'பையருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு.
வளவு வளவா அழகா இருக்குதாமா.
மொத்த ஆர்டருக்கும் இதேதான் வேணுமாமா.'

படித்திருப்பார்.
பத்தாவது வரை தமிழ் மீடியம்தான் அவரும்.

ஐந்தாவது ஃபிலிம் போட்டேன்,
'ப்'பின் புள்ளி ஒழுகியதைக்கூட அழிக்காமல்.
துளசிமணி பன்னெண்டாயிரம் தடவை கேட்டாள்.
அத்தனையையும் அவளே செக் பண்ணினாள்,
நூல் வெட்டி, மடித்து, கவரில் போட்டு.
சனிக்கிழமை வந்த சம்பளக் கவரை
அவள் எண்ணிய வேகத்திலேயே தெரிந்தது.

ஒரு பீஸை மட்டும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.
'கேள்விக்குறி விழுகலீங்க.'