குவியம் தவறும்போது

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது.
சரக்கு ரயில் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது.
நாற்பத்திரண்டாவது டேங்கரோடு
எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்
மழைக்குப் பயந்து பாலிதீன் சுற்றிய பதினேழு படங்கள்.
போரான் கார்பைடின் உட்புறம்,
நான்கு லட்சம் மடங்கு பெரிதாக.

உலையில் நியூட்ரானை விழுங்குகிற வேலை அதற்கு.
விழுங்கிய போரான் இரண்டாகும்:
ஒன்று லித்தியம். இன்னொன்று ஹீலியம்.
கல்லுக்குள் வாயு பிறந்துவிடுகிறது,
வாசல் இல்லாத வீட்டில்.

எங்கள் கூடத்தில் உலை இல்லை.
முடுக்கியிலிருந்து ஹீலியத்தை எய்து
வருஷக்கணக்கில் நடப்பதை
ஒரு மதியத்தில் நடத்திப் பார்ப்போம்.
அடி வாங்கிய அணு இடம் பெயரும். அதன் இருக்கை காலி.
யாரோடும் ஒட்டாத ஹீலியம்
காலி இடத்தை மட்டும் விடாது.
ஒன்று உட்காரும். அதன் மடியில் இன்னொன்று.
ஆறு மணி கும்மிடிப்பூண்டி லோக்கல்
இதைவிடத் தேவலை, அதில்
திருவொற்றியூரில் கொஞ்சம் பேராவது இறங்குவார்கள்.

போன ஞாயிறு காசிமேட்டில்
ஜெனோவாவின் மகளுக்கு ஒரு வயசு.
கல்மண்டபத்து இலியாஸ் சிலிண்டரோடு வந்து
முப்பது பலூன் ஊதிக் கொடுத்தான்.
ராத்திரி பூரா கூரையை முட்டின.
விடிந்தபோது ஐஸ்பெட்டி மேல்
தொளதொளவென்று கிடந்தன.
அதே வாயுதான்.
ரப்பரில் ஓர் இரவு தங்காதது
இதற்குள் மாட்டிக்கொண்டு,
சூடேற்றினால் நகர்ந்து, திரண்டு,
மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள எல்லையில்
மெல்ல உப்புகிறது.

ஒரு விஷயம் யாரும் நம்புவதில்லை:
படம் துல்லியமாக இருந்தால் குமிழி தெரியாது.
குவியத்தை இந்தப் பக்கம் சற்றுத் தவறவிட்டால்
வெள்ளைப் புள்ளிகள்.
அந்தப் பக்கம் தவறவிட்டால் அதே புள்ளிகள் கறுப்பு.
நடுவில், சரியான இடத்தில்,
எதுவும் நடக்காத சாம்பல் நிறம்.

"உடையுமா, உடையாதா,
ஒரு வரியில் எழுதும்மா" என்கிறார் சுதர்சனம்.
எழுதினேன்: எல்லைகளில் விரிசலின் தொடக்கம்.
"தொடக்கம்" என்பதை அடித்துவிட்டு
"அறிகுறி" என்று போட்டார்.
நான் மறுபடி "தொடக்கம்" என்று போட்டிருக்கிறேன்.
பாலிதீனுக்குள் இருக்கிறது.

கடைசிப் பெட்டி. சிவப்பு விளக்கு.
கேட் தூக்குவதற்கு முன்பே
குனிந்து நுழைந்த ஒரு சைக்கிள்.
இந்தப் பக்கம் நாங்கள் சாலை முழுக்க அடைத்து நிற்கிறோம்,
அந்தப் பக்கம் அவர்கள் சாலை முழுக்க.
நடுவே நான்கு தண்டவாளங்கள், காலி.

கம்பி மேலே போகிறது.
எல்லா ஹாரனும் ஒரே சமயத்தில்.