வெட்டு இல்லை

பேரைச் சொன்னபோது சிரித்துவிட்டேன்.
"சாக்லேட் கட்டி" என்றார் ஆசாரிப்பள்ளத்து டாக்டர்,
ஸ்கேன் தாளைச் சன்னலுக்கு நேரே பிடித்தபடி.
பதினோரு வருடம்.
குலசேகரத்தில் மூன்று ஆஸ்பத்திரி, மார்த்தாண்டத்தில் இரண்டு,
களியலில் எண்ணெய் தேய்த்துவிட்ட ஒரு வைத்தியர்,
"ஒரு பிள்ள பெத்தா எல்லாம் செரியாவும்" என்ற மாமியார்.
அந்தப் பிள்ளை வராததற்கும்
இந்தச் சாக்லேட்தான் காரணமாக இருக்கலாம் என்று
அன்றைக்குத்தான் சொன்னார்கள்.
சிரிக்காமல் என்ன செய்ய.

கருப்பைக்குள் இருக்க வேண்டிய ஒன்று
வெளியே முளைத்திருக்கிறதாம்.
சூற்பையில், குடலின் மேல், இன்னும் எங்கெல்லாமோ.
மாதம் வந்தால் அதுவும் கசியுமாம்,
போக வழி இல்லாமல்.
எனக்கு உடனே விளங்கியது.
ரப்பர் டெப்போவில் கணக்கு எழுதுகிறவள் நான்.
வெட்டிய இடத்திலிருந்து பால் இறங்க
மரத்துக்கு ஒரு தகர நாக்கு உண்டு,
நாக்குக்குக் கீழே ஒரு சிரட்டை உண்டு.
சிரட்டை கட்ட மறந்துபோன மரம் நான்.

கீழ்த்தளத்தில் ஒரு சீட்டு, மாடியில் ஒரு சீட்டு.
கீழே இடுப்புக்கு.
மாடியில்,
மூன்று மாதமாக அழக்கூட இல்லாமல்
ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்துக் கிடந்ததற்கு.
எது முதலில் வந்தது என்று இருவரும் கேட்டார்கள்.
ஈர ஷீட்டைத் தராசில் போட்டு
ரப்பரைத் தனியாக, தண்ணீரைத் தனியாக
நிறுத்துக் காட்டச் சொல்வதுபோல இருந்தது.
நடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.
ஏறவும் இறங்கவும் முடியாத நாள் அது.

சானல் பாலத்தில் பஸ் நின்றால்
தண்ணீரைப் பார்ப்பதில்லை இப்போதெல்லாம்.
டிக்கெட்டில் உள்ள எண்களைக் கூட்டுகிறேன்.
நாற்பத்தொன்று. முப்பத்தாறு.
பாலம் போய்விடும்.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
என் நாட்களுக்குத் தரம் போடத் தொடங்கினேன்.
குனிந்து செருப்பு மாட்ட முடிந்தால் நாலாம் தரம்.
பல்கூடத் தேய்க்காத நாள் ஒட்டுப்பால்.
முதல் தரம் இதுவரை எழுதவில்லை.
டெப்போவுக்கும் அது அபூர்வமாகத்தான் வரும்.

இடவப்பாதி பிறந்த வாரம், விடியாத மூன்று மணி.
ஜோபின் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
கதவைத் திறந்தான், மழையைப் பார்த்தான்,
லைட்டை அவிழ்த்தான்.
"இன்னைக்கு வெட்டு இல்ல" என்று படுத்துக்கொண்டான்.
அவ்வளவுதான்.
குரலில் குற்றவுணர்வு ஏதும் இல்லை.
ஏன் பால் தரவில்லை என்று
எந்த மரத்தையும் யாரும் உலுக்கப் போகவில்லை.

மறுவாரம் என்னால் எழ முடியவில்லை.
வெளியே நல்ல வெயில்.
"இன்னைக்கு வெட்டு இல்ல" என்றேன்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு பிராந்திக் குப்பியில் வெந்நீர் நிறைத்து
துவர்த்தில் சுற்றி அடிவயிற்றில் வைத்தான்.
டெப்போவுக்கு போன் போட்டான்.
அவன் புண்ணியவாளன் ஒன்றும் இல்லை.
சில நாள் பானையைச் சத்தமாக வைப்பான்.
"எப்ப மாறும்?" என்று ஒரு ராத்திரி கேட்டான்.
எனக்குத் தெரிந்தால்தானே.
ஆனால் அந்தச் சொல் எங்களுக்குள் தங்கிவிட்டது.

மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் என்றார் மாடி டாக்டர்.
ஆறு வாரம் ஆனது.
அதுவும் ஒரேயடியாக இல்லை.
சாக்கு பிரித்துக்கொண்டிருந்த ஒரு மதியம்
ஒட்டுப்பால் நாற்றம் மூக்கில் குத்தியது.
"ஐயோ, என்னா நாத்தம்!" என்று கத்திவிட்டேன்.
"இது என்ன புதுசா?" என்றாள் ரெஜினாள்.
எத்தனை காலமாயிற்று,
எனக்கு ஏதாவது ஒன்று நாறி!
மூக்கைப் பொத்திக்கொண்டு
இன்னொரு சாக்கைப் பிரித்தேன்.
இடுப்புக்குள் வழக்கமான கத்தி
வழக்கம்போல இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைய தேதிக்கு நேராக எழுதினேன்:
மூணாம் தரம்.
ஈரம் உண்டு.