உவர்மலை ஏற்றம்

முன்கூடையில் மிதுசன்.
கரியரில் வேணுஜா,
பழைய தலையணை மடித்துக் கட்டிய இருக்கை.
போன மாசியில் அவள் குதிக்கால்
கம்பிக்குள் போனது;
அன்றிலிருந்து பின்சில்லின் இரு பக்கமும்
அரிசிச் சாக்கு.

பஸ் நிலையத்தடியில், நடுறோட்டில் மான்.
மணி அடித்தேன். காதை மட்டும் ஆட்டியது.
"அதுக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ அம்மா?"
இல்லை. நமக்குத்தான்.
சுற்றிப் போனோம்.

ஏற்றம் தொடங்க இறங்கித் தள்ளுகிறேன்.
சட்டை முதுகோடு ஒட்டுகிறது.
"நான் பாரமா?" என்கிறான் சின்னவன்.
மலைதானடா பாரம்.

வேணுஜா தானாகவே குதித்துவிட்டாள்.
கரியரில் கை வைத்துத் தள்ளுகிறாள்,
அல்லது
பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறாள்.
எதுவென்று தெரியவில்லை.
நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.