இணைப்பு ஏழு

எங்களுக்கு நூறு வயது என்று
நாங்கள் சொன்னால் போதாதாம்.
அமைச்சிலிருந்து கடிதம்:
"நகரம் தாபிக்கப்பட்டமைக்கான மூல ஆவணத்தைப்
பதினான்கு நாட்களுக்குள் இணைத்து அனுப்புக."
சிங்களத்தில் மூன்று பக்கம்,
தமிழில் அரைப் பக்கம்.
அந்த அரைப் பக்கத்திலும்
தேரடித்துறை
கொம்பு விழுந்து
தரடித்துறையாய்க் கிடக்கிறது.

தவிசாளர் சோதிலிங்கம்
பதாகை அடிக்கக் கொடுத்துவிட்டார்.
வளைவுக்குச் சீமெந்து இறங்கிவிட்டது.
கோவை மட்டும் என் மேசையில்
காலியாக.

முதற்கூட்டக் குறிப்பேடு
எண்பத்தேழில் கூரையோடு போனது.
மிச்சம் இரண்டு தகரப்பெட்டி
தொண்ணூற்றைந்து ஒக்டோபர் மழையில்
ஒரு லாண்ட்மாஸ்ரரில் ஏறி
நாவற்குழிப் பாலம் கடந்ததைக் கண்டவர் உண்டு.
இறங்கியதைக் கண்டவர் இல்லை.

மீன்சந்தைப் படிக்கல்லில் சபை முத்திரை இருக்கிறது,
படம் அனுப்பினேன்.
மதகில் ஆண்டு பொறித்திருக்கிறது,
கடைசி இலக்கத்தை மட்டும் ஷெல் தின்றுவிட்டது,
அதையும் அனுப்பினேன்.
"எழுத்தில் வேண்டும்" என்றார்கள்.
கூடவே ஒரு கேள்வி:
"சபை இயங்காத ஆண்டுகள் எத்தனை?
அவை கழிக்கப்பட்டனவா?"

பென்சிலால் கழித்துப் பார்த்தேன்.
ஒருமுறை எழுபத்தொன்பது வந்தது,
மறுமுறை எழுபத்தாறு.
அந்த ஆண்டுகளிலும் குப்பை சேர்ந்தது,
யாரோ அள்ளினார்கள்
என்று எழுதி
அழித்தேன்.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம்
தண்ணீர் பவுசர் ஓட்டும் யூட் பிரதீபன்
செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.
"மிஸ், இது உதவுமோ பாருங்கோ."
லமினேற் செய்த ஒரு துண்டு.
ஓரத்தைக் கறையான் அரித்த பிறகுதான்
லமினேற் செய்திருக்கிறார்கள்.

பற்றுச்சீட்டு இலக்கம் மூன்று.
1926 சித்திரை 9.
"கந்தன் மகள் வல்லி
சந்தைப் பொதுக்கிணற்றில்
தன் கையால் வாளி இட்டமைக்குக் குற்றப்பணம்
ஒரு ரூபா ஐம்பது சதம்
பெற்றுக்கொள்ளப்பட்டது."
கீழே
சபையின் முதல் தலைவருடைய ஒப்பம்.
வால் நீண்ட, அழகான ஒப்பம்.
அவருக்குத்தான் முன்றலில்
சிலை வைக்கிறோம்.

சபை பிறந்து எட்டு நாள் கூட ஆகியிருக்காது.
பேச்சு வந்ததும் இந்த நகரம்
சொன்ன முதல் வாக்கியங்களில் ஒன்று
இது.

தவிசாளர் இரண்டுமுறை வாசித்தார்.
கண்ணாடியைத் துடைத்தார்.
"வேற ஒண்டும் இல்லையோ?"
"இல்லை, சேர்."
"பேரையும் குற்றத்தையும் மறைச்சு
போட்டோக்கொப்பி எடுக்கேலாதோ?"
நான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யூட் பிரதீபன்தான் சொன்னார்:
"பேரை மறைச்சால் ரசீது செல்லாது, சேர்.
காசு கட்டினது அவ."

முழுதாகவே அனுப்பினேன். இணைப்பு ஏழு.

அங்கீகாரம் வந்தது.
தங்க நிற விளிம்பு, சிங்க இலச்சினை.
"மேற்படி நகரம் நூறாண்டு நிறைவுற்றதாக
இத்தால் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.
ஆதாரம்: இணைப்பு ஏழு."
கொம்பு இன்னும் விழுந்தே கிடந்தது.

விழாவன்று வெயில் கொளுத்தியது.
மேளம் முடிந்து,
பிரதி அமைச்சர் பேசி,
சிலையின் பட்டுத்துணி ஒருபக்கம் சிக்கி,
ஏணி தேடி ஆட்கள் ஓடியபோது
கடிதத்தை ஒலிவாங்கியில் வாசிக்க
என்னைக் கூப்பிட்டார்கள்.
"முழுக்க வேண்டாம், பிள்ளை" என்று
தவிசாளர் காதருகில் சொன்னார்.
"ஆதாரம்" வரைக்கும் வாசித்தேன்.
தொண்டை வறண்டது.
பந்தலுக்குப் பின்னால்
யூட் பிரதீபனின் பவுசரடியில்
வெள்ளை வேட்டிகள்
வரிசையில் நின்று
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.
நானும் இறங்கிப்போய்
நின்றேன்.

அடுத்த திங்கள்
தவிசாளர் அவரைக் கூப்பிட்டார்.
கண்ணாடிப்பெட்டி செய்தாயிற்று,
மூலப்பிரதி மண்டபத்தில் இருக்கட்டும்,
இது நகரத்தின் சொத்து
என்றார்.
யூட் பிரதீபன் கையை நீட்டினபடி நின்றார்.
"சொத்தெண்டால் எங்களுக்கும்தானே, சேர்.
நாங்கள் கட்டின காசுக்கு ரசீது அது.
நாளைக்குத் திரும்பவும் கேட்டாலும்
காட்ட வேணும்."

கொடுத்துவிட்டேன்.
பெறுநர் ஒப்பம் வாங்கிக்கொண்டேன்,
கோவைக்கு வேண்டுமே.

கண்ணாடிப்பெட்டியில் இப்போது இருப்பது நகல்.
மூலம்
பவுசரின் முன் கண்ணாடிக்குக் கீழே
மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகியபடி
காலை ஆறரைக்கு
குழாய் வராத ஒழுங்கைகளுக்குப் போய்
பத்தரைக்குத் திரும்பி வருகிறது.