எதிர்பாராதது, பத்து சதவீதம்

கேரவனின் மடிப்பு மேசையில்
சாப்பிட்ட தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டுக்
கணக்கை விரிக்கிறோம்.
வெளியே வேல்ஸ் மழை,
தகரக் கூரையில் தன் கணக்கைத்
தானே கூட்டிக்கொண்டிருக்கிறது.

எம்ரிஸ் பவுண்டில் எழுதுகிறான்.
நான் அதை இரவுகளாக மாற்றிக்கொள்கிறேன்.
மருத்துவமனையில் ஓர் இரவுப் பணி,
பிடித்தம் போக, நூற்று நாற்பது.
அப்படியானால் நடு உத்தரம் ஒன்பது இரவு.
மூலைத் தூண்கள் நான்கும் இருபத்தாறு.
கிரேன் ஒரு நாளைக்கு, ஓட்டுநரோடு, ஐந்து;
காற்றடித்தால் அதுவும் வீண்.
பித்தளைக் கதவுப்பிடியைக் காட்டி
நன்றாயிருக்கிறதா என்றான்.
எனக்குக் கால் வலித்தது.

வாங்கப்போவது பச்சை ஓக்.
உலர்ந்தது எங்கள் விரலுக்கு மீறிய வீக்கம்.
மரக்கடை க்ளெட்வின் முன்பணத்தை எண்ணியபடியே சொன்னார்:
"முதல் இரண்டு வருடம் முறுகும், வெடிக்கும்,
நடுராத்திரியில் துப்பாக்கிபோலச் சத்தம் போடும்.
போன் பண்ணாதீர்கள்.
துளைக்குள் கழுந்து இறுகுவதே அப்போதுதான்."
எம்ரிஸ் என்னைப் பார்த்தான்.
நாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கி
அப்போது ஒன்றரை வருடம்.

தாளின் கடைசி வரி,
எதிர்பாராதது: பத்து சதவீதம்.
வங்கி எழுதச் சொன்னது.
தொகை போட்டுவிட்டால்
அது எதிர்பார்த்ததாகிவிடாதா என்று கேட்டேன்.
அதிகாரி சிரிக்கவில்லை.

மார்ச்சில் அஸ்திவாரம் தோண்டினோம்.
முக்கால் அடி மண், கீழே பாறை,
பாறை இடுக்கில் ஓர் ஊற்று
யாரடா அது என்று
கண் திறந்து பார்த்தது.
உடைக்க ஒரு இயந்திரம், இறைக்க ஒரு இயந்திரம்,
வடிகால் வரைந்து கொடுக்க ஒரு பொறியாளர்.
நான்கே நாளில்
எண்பத்தோரு இரவு காலி.
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டோம்.
ஆறுதான் அளக்காமல் வந்தது.

அன்றிரவு ரப்பரை எடுத்தோம்.
தெற்கு ஜன்னல் சுருங்கியது.
ஸ்லேட் கூரை தகரமாயிற்று;
நான் ஒரு வாரம் பேசாமலிருந்ததில்
திரும்பவும் ஸ்லேட்டாயிற்று,
மூடிப்போன ஒரு சேப்பலிலிருந்து, பாதி விலைக்கு,
பழைய ஆணித்துளைகளோடு.
விருந்தினர் அறையை அழித்தோம்.
எம்ரிஸின் அக்கா நெஸ்டா
கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் தங்குவதும்
அதோடு அழிந்தது.
அந்த வரியை மட்டும் அழுத்தி அழித்தேன்,
தாள் கிழியும் அளவுக்கு.

ஜூனில் சட்டம் நிறுத்தினோம்.
இருபத்துமூன்று பேர் வந்தார்கள்.
அவன் பால் லாரியில் கூட ஓடுகிறவர்கள்,
என் வார்டிலிருந்து நான்கு நர்ஸ்கள்,
சொல்லாமலே வந்த நெஸ்டா.
கயிறு இழுத்தார்கள், மர ஆணி அடித்தார்கள்,
நூற்றறுபது சாசேஜ் தின்றார்கள்.
கூலி வரவா, சாசேஜ் செலவா,
எந்தப் பத்தியில் எழுதுவதென்று இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம், மாடித்தளத்தின் விட்டங்களுக்குக் கீழே நின்று
நெஸ்டா அண்ணாந்து பார்த்தாள்.
"மேலே எப்படிப் போவீர்கள்?"

எம்ரிஸ் வரைபடத்தைப் பார்த்தான்.
நான் கணக்கைப் பார்த்தேன்.
பதினான்கு பக்கம்.
கதவுப்பிடி இருந்தது,
தபால்பெட்டி இருந்தது,
நாய்க்கு ஒரு வாசல்கூட இருந்தது.
படிக்கட்டு இல்லை.

இருபத்துமூன்று பேரும் சிரித்தார்கள்.
நாங்கள் சிரிக்க ஆகஸ்ட் ஆனது.

ஏணி ஒன்று இரவல் வாங்கியிருக்கிறோம்.
பதினோரு படி, ஏழாவது ஆடும்.
பணி முடிந்து விடியலில் வருகிறேன்,
ஒரு கையில் ஷூ, ஒரு கையில் ஏணி.
தச்சர் கேட்டிருப்பது முப்பத்தோரு இரவு;
சேர்த்திருப்பது பன்னிரண்டு.

படுத்ததும் எங்கோ தூணுக்குள்
படீரென்று ஒன்று வெடிக்கிறது.
மரம்தான், தூங்கு
என்கிறான் எம்ரிஸ்,
தூக்கத்திலேயே.