கருத்துப் பதிவேடு

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை, அதன் மேல்மாடி.
மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை.
பதினாறு நாற்காலி, பதினோரு பேர்,
திரைக்கு இரட்டை வேட்டி.
கீழே மெருகு மிஷின் ஓய்கிறவரை
வசனம் பாதிதான் கேட்கும்.
அடியில் ஓடும் இங்கிலீஷை
நான்தான் தமிழில் முணுமுணுப்பேன்,
முடிந்தவரை.

படம் அமெரிக்காவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை.
எங்கள் உருக்காலைக்குக் கல் நடுவதற்கு
வெகு முன்னால்.
ஒரு ரயில்வே குமாஸ்தா, அவன் பெண்டாட்டி,
ஒரு சமையலறை.
ஜன்னலுக்கு அப்பால் கோதுமை, எப்போதாவது கூட்ஸ்.
தம்பி செய்த திருட்டைத்
தன் தலையில் போட்டுக்கொள்கிறான் அவன்.
அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஒன்றரை மணி நேரம்
யாரும் யாரையும் அடிக்கவில்லை.
கடைசியில் அவள் மோதிரத்தைக் கழற்றிச்
சர்க்கரை டப்பாவில் போட்டு மூடுகிறாள்.
மூடி சரியாக உட்காரவில்லை.
இன்னொரு முறை அழுத்துகிறாள்.
கூட்ஸ் போகிறது. அவ்வளவுதான்.

லைட்டைப் போட்டுப் பதிவேட்டைத் திறந்தேன்:
பெயர், கருத்து, பத்துக்கு எத்தனை.

அர்த்தனாரி, உருட்டாலையில் முப்பத்தொரு வருஷம்:
"அவன் செஞ்சது சரி. தம்பின்னா தம்பிதான்."
ஒன்பது.
(நெத்திமேட்டு வீட்டுக்காக அவர் தம்பி போட்ட வழக்கு
இன்னும் வாய்தாவில் இருக்கிறது.)

பட்டறை எத்திராஜ்:
"மோதிரம் தங்கமா, முலாமா?
கறுப்பு வெள்ளையில எப்படித் தெரியும்?
அது தெரியாம நான் என்னத்தச் சொல்றது?"
எல்லோரும் சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை. மதிப்பெண்ணும் போடவில்லை.

ஜவ்வரிசி மில் கணக்கர் பூவராகன்,
முன்னூறு டாலர் குறைந்தது
நாலு மாதம் எப்படித் தெரியாமல் போகும் என்று
வவுச்சர் வவுச்சராகக் கால் மணி நேரம் பேசினார்.
நான் எழுதிக்கொண்டது: 'கதையில் தணிக்கை இல்லை.'

கல்லூரிப் பையன்கள் இருவரும் சேர்ந்து
ஒரே சொல்: ஸ்லோ.

டெய்சி ராணி ஏற்காட்டில் நர்ஸ்.
இங்கே எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை.
கடைசி பஸ் காத்திருக்காது.
எழுந்து போகும்போது என் கையில் திணித்த டிக்கெட்டின் பின்புறம்
சாய்ந்த கையெழுத்து:
'அவள் போய்விடுவாள் என்று நினைக்கிறேன்.
போகவில்லை என்றால்
அடுத்த மாதம் என்னிடம் சொல்ல வேண்டாம்.'
பத்துக்குப் பத்து.

பூட்ட வந்த பெருமாயி
துடைப்பத்தோடு கதவோரம்
இருபது நிமிஷமாக நின்று பார்த்திருந்தாள்.
மரியாதைக்குக் கேட்டேன்.
"அந்தாளு சக்கர டப்பா எங்கிருக்குதுன்னு
தெரிஞ்சவனாட்டமா இருக்குது?
மாசக்கணக்காகும் பாருங்க.
எறும்பு வந்தாத்தான் தேடுவான்.
சேரை மடிங்க, கூட்டணும்."

சந்தா கட்டாதவர் கருத்துக்குப்
பதிவேட்டில் பத்தி கிடையாது.
சராசரி ஏழே கால் என்று போட்டுக்
கையெழுத்திட்டேன்.

படியிறங்கையில்
சேர்வராயன் இருட்டில் ஒரு வெளிச்சம்
வளைந்து மறைந்து, வளைந்து ஏறியது.
அவள் பஸ்ஸாக இருக்கலாம்.
காய்கறி லாரியாகவும் இருக்கலாம்.

அழகாபுரம், பதினொன்றரை மணி.
தூக்கம் வரவில்லை. டீ போடலாம் என்று
விளக்கைப் போடாமல் அலமாரியைத் திறந்தேன்.
முதல் டப்பாவில் ஜவ்வரிசி.
அடுத்ததில் கல்லுப்பு, நாக்குதான் சொன்னது.
மூன்றாவதில் ரப்பர் பேண்டுகள், மாத்திரை அட்டை,
எந்தப் பூட்டுக்கோ ஒரு சாவி.
இந்த வீட்டில் இருபத்து மூன்று வருஷமாக
ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறேன்.

உள்ளறையிலிருந்து கோகிலவாணி:
"என்ன தேடறீங்க?"

"தண்ணி" என்றேன்.

குடம் என் முழங்காலில்
இடித்துக்கொண்டிருந்தது.